மீன் தின்றுவிடும் என்பதுதான் என் கவலை

சிங்கப்பூரின் கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில், தூண்டில் போட அனுமதியுள்ள கரையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாணவன் தலை கிழிந்த ரப்பர் புழுவைக் கொக்கியிலிருந்து உருவித் தண்ணீரில் எறிந்தான். ஏன் என்று கேட்டேன். “புழுதானே அங்கிள், மீன் தின்றுவிடும்” என்றான்.

தின்றுவிடும் என்பதுதான் என் கவலை.

நம் நீர்த்தேக்கங்களில் உயிருள்ள இரைக்கு அனுமதியில்லை, செயற்கை இரை மட்டுமே. அதனால் பீக்காக் பாஸ் தேடி வருகிறவர்கள் பலரிடம் இந்தப் புழு ஒரு பொட்டலமாவது இருக்கும். (பெயரில்தான் பாஸ், உண்மையில் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த, திலாப்பியாவின் குடும்பத்து மீன்.) 1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் இந்த ரப்பர் புழுவை உருவாக்கியபோது மனத்தில் இருந்தது அந்நாட்டு பாஸ் மீன்தான். ஆனால் மெல்ல நெளியும் இரையைக் கண்டால் நம் ஊர் மீனும் விடுவதில்லை.

இது ரப்பரே அல்ல. பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் மாவை, அதை மென்மையாக்கும் எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கி அச்சில் வார்ப்பது. அந்த எண்ணெய் புழுவுக்குள்ளேயே அடங்கி இருப்பதில்லை. என் மாணவி ஒருத்தி கடின பிளாஸ்டிக் மீன் பொம்மைகளையும் புழுக்களையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். சில வாரம் கழித்துத் திறந்தால் பொம்மைகளின் வண்ணம் இளகி, புழுக்கள் அவற்றோடு பசைபோல ஒட்டியிருந்தன. கண்ணால் கண்ட பிறகு பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. குடிநீராகும் தண்ணீரில் இதையா போடுவது?

வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் புழு ஒன்றை இரண்டு வாரம் ஊறவைத்தேன். நிறம் வெளுத்து, உடல் ஊதி, பக்கத்தில் வைத்த புதுப் புழுவைவிடத் தடித்திருந்தது. கரைவதாகத் தெரியவில்லை. மண்புழு மீனின் வயிற்றில் செரித்துவிடும்; இது செரிக்காது. அங்கேயே கிடந்து பருத்தால் குடலை அடைக்கலாம்.

எறியாமல் இருப்பது ஒரு பாதி, கிழியாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஈயக்குண்டைத் தூண்டில் நரம்பில் கோத்த பிறகு, கொக்கி முனையைப் புழுவின் தலைக்குள் சிறிது நுழைத்து, பக்கவாட்டில் வெளியே எடுத்துத் திருப்ப வேண்டும். பிறகு முனையை உடலுக்குள் புதைக்க வேண்டும். அப்படிச் செய்தால் கொக்கி தண்ணீர்க் களையில் சிக்காது. புதைப்பதற்கு முன் கொக்கியைப் புழுவின் பக்கத்தில் நேராகப் பிடித்து, வளைவு எங்கே வருகிறது என்று பார்த்து நகத்தால் ஓர் அடையாளம் போடுங்கள். அங்கேதான் முனை நுழைய வேண்டும். அவசரத்தில் குத்தினால் புழு கூன் விழுந்து நிற்கும், இழுக்கும்போது சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், நான்கைந்து வீச்சில் தலை பிய்ந்துவிடும். நடுவில் கொக்கி மாட்டுகிறவர்கள் புழுவின் இடுப்பில் சிறு ரப்பர் வளையம் போட்டு, கொக்கியை அதில் கோத்தால் உடல் கிழிவது வெகுவாகக் குறையும்.

தோமான் என்ற பெரிய விரால் வகை மீன் இருக்கும் இடத்தில் புழுவே வேண்டாம் என்பேன். அதன் பல்லுக்கு இது ஒரு கடி.

இப்போது வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஐந்து புழு எண்ணிக் கொடுக்கிறேன். முடிந்ததும் துண்டுகளையும் சேர்த்து எண்ணி வாங்கி, மூடி போட்ட டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மீன் பிய்த்துக்கொண்டு போனதைக் கணக்கில் தனியாக எழுதுகிறோம். சென்ற வாரம் அந்த மாணவன் நான்கரை கொண்டுவந்தான். மீதி அரை எங்கே என்று நான் கேட்பதற்குள், கரையோரப் புல்லில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டான்.