மூளையில் மூளை இல்லை, வெங்காய சூப்பில் மாடு உண்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு மாரிகால வெள்ளிக்கிழமை இரவு. பிரான்சின் லியோன் நகரில் நான் வேலை செய்த புஷோன் என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் ஒரு ஓடர் துண்டு வந்தது. நாலு பேருக்கான சாப்பாடு. அதில் ஒரு வெங்காய சூப்புக்குப் பக்கத்தில் ‘மரக்கறி’ என்று குறித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கட சனம். மகன், மருமகள், ஒரு சின்னப் பிள்ளை, நெற்றியில் திருநீறோடு ஒரு அம்மா.

அந்த சூப்புக்கான மாட்டெலும்பை காலையில் அடுப்பில் ஏற்றி, நுரை எடுத்து எடுத்து ஏழு மணித்தியாலம் காய்ச்சியது நான்தான். பரிமாறுகிற பொடியனைக் கேட்டேன். “வெங்காயம், பாண், சீஸ். இறைச்சித் துண்டு ஒன்றும் இல்லையே?” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. துண்டு இல்லைத்தான். வெளியே போய், “அம்மா, இது மாட்டெலும்புத் தண்ணியில செய்தது, குடிக்காதேங்கோ” என்று சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டா. மகனுக்குத்தான் முகம் செத்துப்போனது. பாரிசில் இதையே ‘மரக்கறி சூப்’ என்று பல தரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம்.

வழக்கமான முறையில் செய்யும் பிரெஞ்சு வெங்காய சூப்புக்கு அடித்தளமே மாட்டெலும்புச் சாறு. கோழிச் சாற்றிலும் செய்வார்கள். மரக்கறிச் சாற்றில் செய்தால் அதைப் பெரும்பாலும் தனியாகவே எழுதிவிடுவார்கள். ஐரோப்பியச் சட்டப்படி உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றித் தகவல் தர வேண்டும். செலரி அதில் உண்டு, கடுகு உண்டு, பால் உண்டு. மாடும் பன்றியும் இல்லை. ஆகவே சூப்பில் செலரி இருப்பது அந்தப் பட்டியலில் வரும், மாடு வராது. “இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “எந்தச் சாற்றில் காய்ச்சியது?” என்று கேளுங்கள்.

இதை எழுதக் காரணம், வீட்டில் பிரெஞ்சுச் சாப்பாடு செய்து பார்க்க விரும்பி என்னிடம் கேட்கிற ஆக்கள் கூடிவிட்டார்கள். நான் அவர்களை லியோனுக்குத்தான் கூட்டிவருவேன். ஊரின் பெயர் பெரிது, சாப்பாடு எளியது. ஆனால் இந்த ஊர்ச் சாப்பாட்டின் பெயர்களை நம்பி அடுப்பு மூட்டக்கூடாது.

ரோன் ஆறும் சோன் ஆறும் சேருகிற ஊர் இது. குருவா ரூஸ் மேட்டில் கனுய் எனப்படும் பட்டு நெசவாளர்கள் இருந்தார்கள். தறி நிற்க வேண்டுமென்று அங்கே வீட்டுக்கூரை நாலு மீற்றர் உயரம். 1831இலும் 1834இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தவர்கள் அவர்கள். விடியமுன் தறியில் குந்தி, காலை ஒன்பது மணியளவில் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். பணக்காரர் ஒதுக்கிய குடல், கால், ஈரல், காய்ந்த பாண், வெங்காயம். அந்த வகைச் சாப்பாட்டை இன்றும் தருகிற சிறிய கடைக்குத்தான் புஷோன் என்று பெயர். பின்னால் அதைப் பெரிய மேசைக்குக் கொண்டுபோனவர்கள் பெண்கள். யூஜெனி பிராசியே 1933இல், தன் இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்றாக, உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷலின் கையேட்டின் ஆறு நட்சத்திரங்கள் வைத்திருந்தா. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் போல் போக்கூஸ் அவவின் குசினியில் வேலை பழகியவர்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சூப்புக்குப் பதிலாக அம்மாவுக்கு ‘செர்வெல் து கனுய்’ கொண்டுபோனேன். மகன் பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டார். சொல்லுக்குச் சொல் ‘நெசவாளியின் மூளை’. உண்மையில் அதில் மூளையும் இல்லை, இறைச்சியும் இல்லை. ‘ஃபுரொமாஜ் பிளாங்’ என்ற தயிர் போன்ற வெண்பாற்கட்டியை அடித்து, வெங்காயமும் உள்ளியும் தழைகளும் சேர்ப்பது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “பச்சடி தானே தம்பி” என்றா. எனக்கு இருபது வருடமாக அது தோன்றவில்லை.

வீட்டில் செய்ய இதைவிட எளிய பிரெஞ்சுச் சாப்பாடு கிடையாது. ஃபுரொமாஜ் பிளாங் கிடைக்காத நாட்டில் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு இரவு பிரிட்ஜில் தண்ணீர் வடிய விடுங்கள். அரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயம், அரைப் பல் உள்ளி, ஒரு பிடி வெங்காயத்தாள், கொஞ்சம் பார்ஸ்லி. வெங்காயத்தை அரைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக அரியுங்கள். அரைத்தால் கசக்கும். ஒலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வினாகிரி ஒன்று, உப்பு, மிளகு. இரண்டு மணித்தியாலம் குளிரில் வைத்துவிட்டு அவித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடலாம். கறிவேப்பிலை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், அப்போது அதை வேறு பெயரில் கூப்பிடுங்கள்.

ஒரு சங்கடம், ஃபுரொமாஜ் பிளாங், சீஸ் செய்யப் பாலைத் திரிக்க உறைமோர் போல ரென்னெட் என்ற ஒன்றை இடுவார்கள். அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதாக இருக்கலாம். வெங்காய சூப்பின் மேலே உருக்குகிற கொந்தே சீஸ் கன்றின் ரென்னெட்டில்தான் செய்யப்படுகிறது. கடும் மரக்கறிக்காரர் தாவர ரென்னெட், நுண்ணுயிர் ரென்னெட் என்று எழுதிய சீஸைத் தேடி வாங்க வேண்டும். வீட்டில் வடித்த தயிருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி சூப். நாலு பேருக்கு ஒரு கிலோ வெங்காயம் என்றால் ஆக்கள் நம்புவதில்லை. 50 கிராம் பட்டரில், உப்பு ஒரு சிட்டிகை போட்டு, அடி தடித்த சட்டியில், சிறு நெருப்பில் வைத்துக் கிண்டத் தொடங்குங்கள். முதல் பதினைந்து நிமிடம் வெங்காயம் தண்ணீர் விட்டு வெளிறிக் கிடக்கும். அரை மணியில் மஞ்சள். முக்கால் மணிக்குப் பிறகுதான் அடியில் பழுப்பாகப் பிடிக்கத் தொடங்கும். பிடித்ததும் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டுங்கள். அந்தப் பழுப்பைத் திரும்ப வெங்காயம் குடிக்கும். இன்னொரு தரம் பிடிக்கட்டும், இன்னொரு தரம் சுரண்டுங்கள். கிலோ வெங்காயம் ஒரு கோப்பையளவுக்கு வந்துவிடும். நெருப்பைக் கூட்டி இருபது நிமிடத்தில் முடிப்பவரின் சூப்பை வாசத்திலேயே சொல்லிவிடுவேன். கருகல் வேறு, பழுப்பு வேறு.

மாட்டுச் சாற்றுக்குப் பதில், காய்ந்த காளான் ஒரு பிடி, கரட், லீக்ஸ், பிரிஞ்சி இலை, தைம் போட்டு ஒரு மணித்தியாலம் காய்ச்சிய தண்ணீர் போதும். கொஞ்சம் சோயா சோஸ் விட்டால் அடர்த்தி வரும். என்னோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கேட்டால் என்னைத் துரத்துவார்கள். மேலே காய்ந்த பாண், அதன் மேல் துருவிய சீஸ், பிறகு சூட்டடுப்பு. புதுப்பாண் கரைந்து கூழாகிவிடும்.

சூப்பில் வைன் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “கொதித்தால் மதுவெல்லாம் ஆவியாகிவிடும்” என்று சமையல்காரர்களே சொல்வார்கள். அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணித்தியாலத்தில் 25 சதவீதம், இரண்டரை மணித்தியாலத்திலும் 5 சதவீதம். நெருப்புக் காட்டி எரிக்கிற வித்தையில் முக்கால்வாசி உள்ளேயே நிற்கும். லியோன் முறையில் சில வீடுகளில் கடைசியில் போர்ட் வைனும் பச்சை மஞ்சட்கருவும் சூப்பில் கலப்பார்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் மேசையில் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பெயரால் ஏமாற்றும் அடுத்தது ‘கத்தோ து ஃபுவா’. கத்தோ என்றால் கேக். ஃபுவா என்றால் ஈரல். கோழி ஈரலை முட்டை, பால், உள்ளியோடு அரைத்து, கொதிநீர்த் தட்டில் வைத்துச் சூட்டடுப்பில் வேகவைத்து, தக்காளிச் சாற்றோடு தருவது. ஒருமுறை ஒருவர் பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று முன்பதிவில் இதைக் கேட்டுவிட்டார். நல்லவேளை, தொலைபேசியை எடுத்தது நான்.

இங்கே எங்கட சனத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஈரலைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். கோழியில் காம்பிலோபக்டர் கிருமி இருக்கக்கூடும், தண்ணீர் தெறித்து அது பாத்திரத்திலும் சலாட்டிலும் போய் உட்காரும். அலசுவதால் கிருமி சாகாது, வேகவைத்தால்தான் சாகும். தாளால் ஒற்றி எடுத்து, பித்தம் பட்ட பச்சை இடத்தை வெட்டி எறிந்தால் போதும். கடைகளில் நடுவில் சிவப்பு விடுவார்கள், வீட்டில் வேண்டாம். வெப்பமானி குத்திப் பார்த்தால் நடுவில் 70 பாகை இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு இது நன்றாக வெந்தாலும் கூடாது.

கெனெல் பற்றி ஒரு வரிதான். ஆற்று மீனும் மாவும் சேர்ந்த மென்மையான உருண்டை, அதற்கு ஒன்றும் சொல்ல இல்லை. மேலே ஊற்றுகிற ‘நாந்துவா’ சோஸ் நன்னீர்ச் சிங்க இறாலில் (கிரேஃபிஷ்) செய்தது. இறால் ஒத்துக்கொள்ளாதவர் உருண்டையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்தது ‘தப்லியே து சப்பேர்’. போர்வீரனின் ஏப்ரன் என்று அர்த்தம். சாமான், மாட்டின் இரைப்பையில் தேன்கூடு போல இருக்கிற பகுதி. அவித்து, வெள்ளை வைனில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிப்பார்கள். வீட்டில் நான் ஹலால் கடையில் ஆட்டுக் குடல் வாங்கி, அதே தேன்கூட்டுத் துண்டை மட்டும் எடுத்து, தேசிக்காய்ச்சாறும் கடுகும் பூசி ஊறவைத்துச் செய்கிறேன். என்ர அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு தட்டில் வைத்து, கதை, வரலாறு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டா. ஒரு துண்டைச் சாப்பிட்டா. பிறகு கேட்டா:

“குடல் தானே தம்பி, இதுக்கு ஏன் கட்லட் வேசம்?”