பெங்களூரு கோர்ட் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்பு ஓசூரில் செல்லுமா?

ஜூஜூவாடி வரை தமிழ்நாடு, அத்திப்பள்ளி தொட்டால் கர்நாடகம். வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள் ஓசூரில் ஏராளம். சம்பந்தமும் அப்படித்தான். பாகலூர்ப் பெண்ணுக்கு ஆனேக்கல் மாப்பிள்ளை, வேப்பனப்பள்ளிப் பையனுக்கு ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பெண். ஒத்துவராமல் போனால் வழக்கு பெங்களூரிலோ சித்தூரிலோ நடக்கும். தீர்ப்பை வாங்கிக்கொண்டு பெண் ஊர் திரும்பிவிடுவார். அதன் பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கும்.

சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் துணிப்பையிலிருந்து தன் தீர்ப்பை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை லேமினேட் செய்யப்பட்டிருந்தது. "கிழியக் கூடாதுன்னு தம்பி போட்டுக் குடுத்தான் அண்ணா. இத இங்க ரிஜிஸ்டர் பண்ணணுமாமே, இல்லன்னா செல்லாதாமே?" என்றார்.

யாரோ சொல்லிக் கிளப்பிவிட்ட பயம் அது. விவாகரத்துத் தீர்ப்பை இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்யத் தேவையில்லை, அதை உறுதி செய்ய இங்கே புது வழக்குப் போடவும் தேவையில்லை. இந்தியாவில் எந்த சிவில் நீதிமன்றம் கொடுத்த இறுதித் தீர்ப்பும் நாடு முழுக்க நிறைவேற்றத் தக்கது என்று அரசியலமைப்பின் 261-ஆவது பிரிவே சொல்கிறது. பெங்களூரில் முறிந்த கல்யாணம் கிருஷ்ணகிரியிலும் முறிந்ததுதான்.

ஆனால் அவர் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று சங்கதிகள் இருந்தன. கல்யாணம் ரத்து. மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம். குழந்தை அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்த்துக்கொள்ளலாம். முதலாவது விஷயம், நீதிபதி கையெழுத்துப் போட்டதோடு நடந்து முடிந்த காரியம். அதை நிறைவேற்றக் கோர்ட் ஊழியரான அமீனா வர வேண்டியதில்லை. மற்ற இரண்டும் ஒருவர் செய்தாக வேண்டியவை. அவர் செய்யவில்லை என்றால்தான் 'நிறைவேற்று மனு', கோர்ட் பேச்சில் இ.பி., என்ற பேச்சே வரும். அதனால் உங்கள் தீர்ப்பில் எந்த வரி தானாக நடந்துவிட்டது, எந்த வரி இன்னும் பாக்கி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையில் சொல்ல அதிகமில்லை. குடும்ப அட்டையில் பெயர் நீக்க, ஆதாரில் விவரம் மாற்ற, மறுமணத்துக்கு எனத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் போதும். இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து ஆனால் இரு தரப்புக்கும் ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். மறுமணத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்பீல் காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது அப்பீல் தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் அப்பீலுக்கு 90 நாள், குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள். எது பொருந்தும் என்று நீதிமன்றங்களிலேயே வாதம் நடந்திருக்கிறது, நீங்கள் 90 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சம்மதித்துக் குடும்ப நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம். ஜீவனாம்சம் எந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவானது என்று தீர்ப்பின் தலைப்பில் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவா? 2024 ஜூலை 1-லிருந்து அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு இருக்கிறது. இந்த வகை உத்தரவு என்றால் பாதை சுலபம். உத்தரவை எங்கும் அனுப்பிவைக்க வேண்டியதில்லை. கணவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் நகலைக் காட்டி, ஆள் இவர்தான், பணம் வரவில்லை என்று நிரூபித்தால் போதும். அவரே அமல்படுத்தலாம் என்று அதே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் இருக்கிறது. கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கவும் அதிகாரம் உண்டு.

இந்தப் பாதையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்தப் பெண்ணின் உத்தரவு இந்த வகை என்று வைத்துக்கொள்வோம். 20 மாதம் பாக்கி, 1,60,000 ரூபாய். இன்று மனுப் போட்டால் வாரண்ட் கடைசி 12 மாதத்துக்கு, அதாவது 96,000 ரூபாய்க்குத்தான். மீதி 64,000 இந்தக் கதவில் நுழையாது. 'நாலு மாசம் பார்ப்போம், கொடுத்துடுவார்' என்று தள்ளிப்போட்டவர்கள் பணம் இழப்பது இங்கேதான். ஜீவனாம்ச உத்தரவை சிவில் பணத் தீர்ப்பு போலவும் நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் சொல்லியிருப்பதால், விட்டுப்போன பாக்கியைக் கேட்க வேறு வழி உங்கள் வக்கீலுக்கு இருக்கிறது. கேளுங்கள்.

உண்மையில் அந்தப் பெண் கையில் இருந்ததோ விவாகரத்துத் தீர்ப்போடு சேர்ந்த நிரந்தர ஜீவனாம்சம், இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. இது சிவில் பாதை. இங்கே தீர்ப்பு ஊர்விட்டு ஊர் பயணம் போக வேண்டும். பெங்களூரு நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆள் மீதோ சொத்து மீதோ நேரடியாகக் கை வைக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில் அப்படி ஒரு தடை இருக்கிறது. கணவர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தாலோ, அவர் பெயரில் பர்கூரில் மனை இருந்தாலோ, தீர்ப்பை இங்குள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி முதலில் பெங்களூரில் மனுப் போட வேண்டும். வக்கீல்கள் 'டிரான்ஸ்மிட் மனு' என்பது இதைத்தான். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பை வேறொரு குடும்ப நீதிமன்றத்துக்கோ சாதாரண சிவில் நீதிமன்றத்துக்கோ அனுப்பலாம் என்று 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் தெளிவாக இருக்கிறது. மாநிலம் மாறினாலும் நேரடியாக அனுப்பலாம். தவறான நீதிமன்றத்துக்குப் போய்விட்டாலும் அந்த நீதிமன்றமே அதிகாரமுள்ள நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.

அனுப்பும்போது மூன்று காகிதம் கூடவே வர வேண்டும்: தீர்ப்பாணையின் நகல், பணம் எதுவும் வரவில்லை, அல்லது இவ்வளவு வந்தது இவ்வளவு பாக்கி என்று அந்த நீதிமன்றமே தரும் சான்று, முன்பே இ.பி. போட்டு உத்தரவு ஏதும் ஆகியிருந்தால் அதன் நகல், இல்லையென்றால் 'இல்லை' என்ற சான்று. இதில் சறுக்குவது நடுவில் உள்ளதுதான். காகிதக் கட்டு வந்து சேரும், சான்று இருக்காது. இங்கே எழுதிக் கேட்டு, அங்கே தேடி எடுத்து, ஒரு பக்கக் காகிதத்துக்காக நான்கு வாய்தா ஓடும். பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்பே வக்கீல் குமாஸ்தாவிடம் 'அந்தச் சான்று சேர்ந்ததா?' என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுவிடுங்கள். தீர்ப்பு கன்னடத்திலோ தெலுங்கிலோ இருந்தால் சான்றிட்ட மொழிபெயர்ப்பையும் அப்போதே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஓசூரில் கன்னடம் பேசாதவர் யார் என்று கேட்காதீர்கள், கோர்ட் கோப்பு பேச்சைக் கேட்டு நகராது.

கட்டு வந்துவிட்டது என்பதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. இங்கே தனியாக இ.பி. தாக்கல் செய்ய வேண்டும், நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டா கட்ட வேண்டும். அதன் பிறகு இந்த நீதிமன்றத்துக்குத் தானே கொடுத்த தீர்ப்பைப் போல எல்லா அதிகாரமும் உண்டு. சிவில் தீர்ப்பை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம். மாதாமாதம் தர வேண்டிய தொகைக்கு, தவறிய ஒவ்வொரு மாதத்திலிருந்தும் கணக்கு. டிரான்ஸ்மிட் மனு போட்டதை இ.பி. போட்டதாக எண்ணி நாளை ஓட்ட வேண்டாம். தீர்ப்பாகி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகே மேலே நகரும்.

பலரும் உடனே 'ஜெயிலில் போடுங்கள்' என்பார்கள். சம்பளக்காரர் என்றால் அதைவிடச் சம்பள ஜப்திதான் வேலை செய்யும். சாதாரணக் கடன் தீர்ப்பில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பில் கணக்குத் தலைகீழ். மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மாதம் 24,000 சம்பளம் என்றால் கடன்காரருக்குச் சுமார் 7,666 ரூபாய் வரை கிடைக்கும், ஜீவனாம்சத்துக்கு 16,000 வரை பிடிக்கலாம். இன்னொரு வசதியும் இருக்கிறது. சம்பளம் போடும் அதிகாரி ஓசூரில் இருந்தால், ஆள் அத்திப்பள்ளியில் குடியிருந்தாலும் ஓசூர் நீதிமன்றம் அந்தக் கம்பெனிக்கு உத்தரவு போடலாம். உத்தரவு கிடைத்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தைக் கொடுத்தால் அந்தத் தொகைக்குக் கம்பெனியே பொறுப்பு. அதனால் மனுவில் கம்பெனியின் சரியான பெயர், பிரிவு, தெரிந்தால் ஊழியர் எண் எல்லாம் எழுதுங்கள். 'சிப்காட்டில் வேலை' என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வரும்.

கணவர் மனையை அவசரமாக விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால், டிரான்ஸ்மிட் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். தீர்ப்புக் கொடுத்த நீதிமன்றமே இங்குள்ள நீதிமன்றத்துக்கு 'பிரிசெப்ட்' என்ற ஜப்திக் கட்டளை அனுப்பி இரண்டு மாதம் ஜப்தி செய்து வைக்கலாம், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு. இது இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மனையையே மனைவி பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்று தீர்ப்பில் இருந்து, கணவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தால், அவர் சார்பில் நீதிமன்றமே பத்திரம் எழுதிக் கொடுக்கலாம்.

சிவில் சிறை 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு மூன்று மாதம் வரை. வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்டினால்தான் கிடைக்கும். பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது.

குழந்தை விஷயம் வேறு மாதிரி. உத்தரவை இங்கே நிறைவேற்றக் கேட்கலாம். ஆனால் பள்ளி மாறியது, ஊர் மாறியது, ஞாயிறு ஒத்துவரவில்லை என்று உத்தரவையே மாற்ற வேண்டும் என்றால் இ.பி. நீதிமன்றம் செய்யாது. நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பில் உள்ளதைச் செய்யும், அதைத் திருத்தாது. மாற்றுவதற்குத் தீர்ப்புக் கொடுத்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும், அல்லது குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் கீழ் புதிதாகக் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. 'எனக்குச் சம்மனே வரலை, நான் இல்லாமலே எக்ஸ் பார்ட்டியாகத் தீர்ப்பு வாங்கிட்டாங்க' என்று ஓசூர் நீதிமன்றத்தில் வாதாடிப் பயனில்லை. தீர்ப்புக் கொடுத்த நீதிமன்றத்தில், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனுப் போட வேண்டும். அதுவரை கொஞ்சம் நிறுத்தி வைக்கும்படி மட்டும் இங்கே கேட்கலாம். பணத்தைக் கையில் கொடுத்துத் தீர்த்திருந்தால் அதையும் நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவாகாத பணத்தை இ.பி. நீதிமன்றம் கணக்கில் எடுக்காது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். டிரான்ஸ்மிட் மனு பெங்களூரில் போட வேண்டியது என்பதால் அந்த வேலைக்குக் கர்நாடகத்து ஆணைக்குழு வக்கீல் தேவைப்படும், அதையும் சேர்த்தே சொல்லிக் கேளுங்கள்.

லேமினேட் செய்த அந்தப் பெண்ணுக்கு வேறு நகலுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மேலே பளபளப்பு ஏறியதில் முத்திரை மங்கி, நகல் எண்ணையே படிக்க முடியவில்லை.