ஞானஸ்நானமா, ஞானஸ்தானமா, திருமுழுக்கா?

சில வாரங்களுக்கு முன் ஒரு அழைப்பிதழ் வந்தது. மேலே குழந்தையின் படம், அதன் கீழே பொன்னிற எழுத்தில் ‘ஞானஸ்தான விழா’. தண்ணீரால் ஒருவரைக் கிறிஸ்தவ சபையில் சேர்க்கும் சடங்கைத்தான் சொல்கிறார்கள். ஸ்தானம் என்றால் இடம். அப்படியானால் இது ஞானத்தின் இடம் என்று ஆகிவிடும். ஸ்நானம் என்றால்தான் குளியல். பேச்சில் நம்மில் பலர் ‘ஞானஸ்தானம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வழக்கம் அப்படியே அச்சுக்கும் போய்விட்டது. எழுதும்போது ஞானஸ்நானம் என்பதுதான் சரி. ஆனால் இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல எழுத்துப்பிழையை விடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பாப்டீசோ’ என்ற வினை. அதற்கு அடி ‘பாப்தோ’. இரண்டுமே கோயில் சொற்கள் அல்ல, அன்றாட வேலைச் சொற்கள். சாயத் தொட்டியில் துணியை அமிழ்த்துவது பாப்தோ. கொல்லன் காய்ச்சிய கோடரியைக் குளிர்ந்த நீரில் ‘சொய்ங்’ என்று முக்குவதையும் ஹோமர் இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் உண்டு: தோய்த்தல். துணியைத் தோய்க்கிறோம், சாயத்தில் தோய்க்கிறோம், இரும்புக்கும் தோய்ச்சல் உண்டு. தோய்த்து எடுத்த பொருள் முன்பு இருந்தது போல இருக்காது. துணிக்கு நிறம் ஏறிவிடும், இரும்புக்கு உரம் ஏறிவிடும். ‘உங்களில் கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனைபேரோ, அத்தனைபேரும் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே’ என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதுவதை இந்தச் சாயத் தொட்டியை மனதில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

பாப்டீசோ என்றால் முழுக்குவது, அமிழ்த்துவது. கப்பல் மூழ்குவதற்கும் கிரேக்கர்கள் அதைச் சொன்னார்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் தொழுநோய் நீங்க யோர்தான் ஆற்றில் இறங்கிய கதையில், எபிரேய மறைநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே வினையைத்தான் போடுகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே ‘ஏழுதரம் முழுகினபோது’ என்கிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் செம்பும் கிண்ணமும் கழுவுவதைச் சொல்லவும் மூலத்தில் இந்தக் குடும்பத்துச் சொல்தான். செம்புக்கு ஞானஸ்நானம் என்று எழுத முடியாது என்பதால் மொழிபெயர்த்தவர்கள் ‘கழுவுகிறது’ என்று எழுதினார்கள். மூலத்தில் ஒரே சொல்லாக இருந்தது, தமிழுக்கு வரும்போது இடத்துக்கு ஏற்றபடி பிரிந்துவிட்டது.

லத்தீன் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை. கிரேக்கத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. போர்த்துகீசியமும் ஆங்கிலமும் அந்த வழியே வந்தவை. பக்கத்துக் கேரளத்தில் மார்த்தோமா மரபுக் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘மாமோதீசா’ சிரியாக் மொழியிலிருந்து வந்தது. தமிழிலோ, பிற மொழிச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளாமல், பொருள் தெரியும்படி ஒரு சொல் நிலைத்தது. அது வடமொழிச் சொற்களால் கட்டியதுதான் என்றாலும், கேட்டவுடன் ஏதோ ஒரு குளியல் என்றாவது புரியும்.

சரி, அதில் ‘ஞானம்’ எதற்கு? அறிவு பெறுவதற்கான குளியலா? பழைய கிறிஸ்தவத் தமிழில் ‘ஞான’ என்ற முன்னொட்டுக்கு ‘ஆவிக்குரிய’ என்று பொருள். ஞானப்பாட்டு, ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்), ஞானஒடுக்கம் எல்லாம் அப்படி வந்தவைதான். இதற்கு நல்ல சான்று 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரம். இஸ்ரவேலர் ‘ஞானபோஜனத்தைப்’ புசித்தார்கள், ‘ஞானபானத்தைக்’ குடித்தார்கள், ‘ஞானக்கன்மலை’ அவர்களோடு சென்றது என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும். அங்கே கிரேக்கத்தில் இருப்பது ஆவிக்குரியது என்று பொருள்படும் சொல். அந்தக் கணக்கில் ஞானஸ்நானம் என்றால் ஆவிக்குரிய குளியல். உடம்பின் அழுக்கு போகக் குளிப்பதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவே அந்த முன்னொட்டு.

ஆனால் ஞானம் என்பதை அறிவொளி என்றே எடுத்துக்கொண்டாலும் தவறில்லை என்பது என் எண்ணம். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில், இந்தக் கழுவுதலை நாங்கள் ‘ஒளியூட்டல்’ என்று அழைக்கிறோம், இவற்றைக் கற்றுக்கொள்பவர்களின் உள்ளம் ஒளி பெறுகிறது என்று சொல்கிறார். எபிரெயர் 6ஆம் அதிகாரத்தில் வரும் ‘ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும்’ என்ற தொடரையும் ஆதிச்சபையில் பலர் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். ரோமில் கிரேக்கத்தில் எழுதிய ஒருவர் சொன்ன பொருளைத் தமிழ்ச்சொல் ஒன்று தன் முதல் பாதியிலேயே வைத்திருப்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது.

அந்த ஒளி ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்த அன்றே ஏற்றப்பட்டது அல்ல. அப்போஸ்தலிக்கப் பாரம்பரியம் என்று அறியப்படும் பழைய சபை ஒழுங்கு நூல், புதிதாக வருகிறவர் மூன்று ஆண்டுகள் வசனம் கேட்க வேண்டும் என்கிறது. ஆர்வமுள்ளவராக இருந்தால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் முழுக்குக்கு முன் அவரைப் பற்றி விசாரிப்பார்கள். கைம்பெண்களை மதித்தாரா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? நற்செயல்கள் செய்தாரா? அழைத்து வந்தவர்கள் இதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். இன்று நம் சபைகளில் பல இடங்களில் கேட்கப்படுவது மூன்று வகுப்புக்கு வந்தாயா, படிவம் நிரப்பினாயா என்பதுதான். பக்கத்துத் தெருவில் தனியாகக் கிடக்கும் பாட்டியைப் போய்ப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் எத்தனை நன்றாக இருக்கும்!

முழுக்குவதா, ஊற்றுவதா, தெளிப்பதா என்ற சண்டை நமக்குப் பழகிப்போனது. முதல் தலைமுறைகளின் கைநூலான ‘தீதாகே’ இதைப் பதற்றமில்லாமல் கையாள்கிறது. ஓடும் நீரில் கொடுங்கள். இல்லையென்றால் வேறு நீரில். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில். இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால். கொடுப்பவரும் பெறுபவரும் முன்னதாக நோன்பிருக்க வேண்டும் என்கிறது. பெறுபவருக்கு ஒன்றிரண்டு நாள் நோன்பு. நாம் தண்ணீரின் அளவைப் பற்றி வாதாடுகிறோம், நோன்பை மறந்துவிட்டோம்.

இனி தமிழ் நிகருக்கு வருவோம். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் ‘திருமுழுக்கு’ என்றே இருக்கிறது. யோவான் ஸ்நானகன் அங்கே திருமுழுக்கு யோவான். கத்தோலிக்கர்களிடம் இது நன்றாக ஊன்றிவிட்டது. மற்ற சபைகளில் பெரும்பாலும் ஞானஸ்நானமே வழக்கு. என்னைக் கேட்டால் திருமுழுக்கு என்பதே மூலத்துக்கு மிக நெருங்கிய சொல். முழுகு, மூழ்கு, முழுக்கு எல்லாம் ஒரே வேர், பாப்டீசோ சொன்ன அதே செயல். ஐப்பசிக் கடைமுழுக்கு, குடமுழுக்கு என்று இந்த மண்ணில் ஏற்கெனவே புனிதம் ஏறிய சொல்லும்கூட.

இன்னொரு காரணமும் உண்டு. ‘அந்தச் சகவாசத்தையே தலைமுழுகிட்டேன்’ என்கிறோம். சாவு வீட்டுத் துட்டிக்குப் போய் வந்தால் தலைமுழுகுகிறோம். சாவும் விட்டுவிலகலும் தமிழில் இந்த நீருக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘அவருடைய மரணத்திற்குள்ளாக்கும் ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்’ என்ற ரோமர் 6ஆம் அதிகாரம் அந்த இடத்தில்தான் தொடுகிறது. இயேசு தம் பாடுகளைப் பற்றிப் பேசும் லூக்கா 12:50இல் பழைய மொழிபெயர்ப்பு ‘ஞான’ என்பதை விட்டுவிட்டு, ‘நான் முழுகவேண்டிய ஒரு ஸ்நானமுண்டு’ என்று எழுதியது. சிலுவையைச் சொல்ல அவர்களுக்கும் முழுகுவதுதான் கைக்கு வந்தது.

வினையிலும் கவனம் வேண்டும். ‘ஞானஸ்நானம் எடுத்தாச்சா?’ என்று கேட்பது இன்று பரவலான பேச்சு. குளியலை நாமே குளிக்கலாம். இதை இன்னொருவர் நமக்குத் தர வேண்டும். புதிய ஏற்பாடு பெரும்பாலும் செயப்பாட்டு வினையில்தான் பேசுகிறது. அதனால் ‘பெற்றேன்’ என்பதே பொருத்தம்.

அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை: தலைப்பில் ‘திருமுழுக்கு’ என்று போடுங்கள். உள்ளே ‘ஞானப்பெற்றோர்’ என்பதை மட்டும் மாற்ற வேண்டாம். கத்தோலிக்கச் சடங்கில் தண்ணீர் ஊற்றி எண்ணெய் பூசிய பிறகு, உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியிலிருந்து ஒரு சின்ன மெழுகுதிரியைப் பற்றவைப்பார்கள். கிறிஸ்துவின் ஒளியைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று குரு சொல்வார். குழந்தைக்குப் பிடிக்கத் தெரியாது. அதனால் தகப்பனோ ஞானத்தகப்பனோ அதைக் கையில் வாங்கி, அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிற்பார்.