'நன்றாகப் பேசுவார்' என்றாலும் குறைவுதான்

அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) இத்தனை சதவீதம் பேருக்கு ஆங்கிலத் திறன் குறைவு என்று ஒரு கணக்கு வருகிறது. அதற்காக யாரும் யாருக்கும் தேர்வு வைப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தும் சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பும் படிவத்தில் உள்ள மூன்று கேள்விகள்தான் மூலம். 1980 முதல் அதே கேள்விகள்: வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறாரா? எந்த மொழி? ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்? ஐந்து வயது நிரம்பிய எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் மற்ற இரண்டும் கிடையாது. அம்மாவிடம் போனில் மட்டும் தமிழ் பேசுபவர் இங்கே ஆங்கிலம் மட்டும் பேசுபவராகிவிடுவார். 'ஆம்' என்பவருக்கு நான்கு விடைகள்: மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, கொஞ்சமும் இல்லை. 'மிக நன்றாக' தவிர மற்ற மூன்றும் 'திறன் குறைவு' கணக்கில் சேரும். எது மிக நன்று என்பதற்குப் படிவத்தில் விளக்கம் இல்லை. பெரும்பாலும் வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து நிரப்புகிறார். ஆகவே தாத்தாவின் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடுவது மருமகளாக இருக்கலாம். அடக்கமாக 'நன்றாக' என்று குறித்தால் தாத்தா கோட்டுக்குக் கீழே போய்விடுவார். வாசிக்க, எழுதத் தெரியுமா என்ற கேள்வியே கிடையாது.

குடும்பக் கணக்கு வேறு. 14 வயது நிரம்பியவர்களில் ஒருவராவது ஆங்கிலம் மட்டும் பேசினாலோ, மிக நன்றாகப் பேசினாலோ அந்த வீடு தப்பிவிடும். இல்லாவிட்டால் அது ஆங்கிலத் திறன் குறைந்த குடும்பம்.

விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி உண்டு. சிறு பகுதிகளுக்கு இறங்கினால் தனியுரிமை கருதி மொழிகளைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அங்கே தமிழும் தெலுங்கும் 'பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' மூட்டையில் கிடக்கும், இந்தி 'பிற இந்தோ ஐரோப்பிய' மூட்டையில். அந்தத் தொகுப்பை வைத்து மொழிபெயர்ப்பாளரை நியமிக்க முடியாது.

பலரும் தவறுவது பிழை வரம்பில், அதாவது சில வீடுகளை மட்டும் கேட்டுப் போட்ட எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதில். ஒரு பகுதியில் ஒரு மொழிக்கு 120 பேர், பிழை வரம்பு 95 என்று வைத்துக்கொள்வோம். வெளியிடப்படும் வரம்பு 90 சதவீத நம்பிக்கைக்கானது, அதை 1.645ஆல் வகுத்தால் திட்டப் பிழை (மதிப்பீடு வழக்கமாக விலகும் அளவு) கிட்டத்தட்ட 58. மதிப்பீட்டில் ஏறக்குறைய பாதி! பக்கத்துப் பகுதியில் 80, வரம்பு 70 என்றால் கூட்டுத்தொகை 200. ஆனால் வரம்பு 165 அல்ல. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 118. எத்தனை பகுதிகளைச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு எண் நிலைபெறும்.

வழக்கமான ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்குக் குறையாத இடங்களுக்கே வெளியாகும். சிற்றூர்களுக்கு ஐந்தாண்டுத் தொகுப்புதான். 2018–2022 தொகுப்பையும் 2019–2023 தொகுப்பையும் பக்கத்தில் வைத்து 'ஒரே வருடத்தில் கூடிவிட்டது' என்பார்கள். இரண்டிலும் நான்கு ஆண்டுகள் பொது. ஒப்பிட வேண்டுமானால் 2014–2018ஐ எடுத்து 2019–2023க்கு எதிரே வைக்க வேண்டும்.