பசை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

14 கவுண்ட் ஐடா துணியில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் வரும்படி நெய்த துணியில், 10 அங்குலச் சதுரத்தை இடைவெளி விடாமல் நிரப்பினால் 19,600 கிராஸ் ஸ்டிட்ச் (X வடிவத் தையல்) வரும். ஒவ்வொன்றுக்கும் ஊசி நான்கு முறை துணியைக் கடந்தாக வேண்டும். இப்படி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தைத்த ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிரேம் போடும் என் ஸ்டூடியோவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பேசுவது பிரேமின் நிறத்தைப் பற்றித்தான். தங்க நிறமா, கறுப்பா, மரத்தின் இயல்பான நிறமா என்று அரை மணி நேரம் போகும். "இதை எதன் மேல், எப்படிப் பொருத்தப் போகிறீர்கள்?" என்று கேட்பவர் எப்போதோ ஒருவர்.

கேட்க வேண்டியது அதைத்தான். நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு பிரேம் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் செய்யப்பட்டதை மாற்ற முடியுமா என்பது அதைச் செய்த விதத்தைப் பொறுத்தது. தையலைப் பிரேமிலிருந்து வெளியே எடுத்தால், உள்ளே போனபோது இருந்த மாதிரியே அது திரும்பி வர வேண்டும். நான் வேலைக்கு வைத்திருக்கும் அளவுகோல் இந்த ஒன்றுதான்.

சீக்கிரம் முடித்துத் தரும் இடங்களில் நடப்பது வேறு. ஒட்டும் அட்டையின் மேல்தாளை உரித்து, தையலை அதன் மேல் பரப்பி, கையால் அழுத்தி நீவிவிடுவார்கள். சிலர் ஸ்ப்ரே பசை அடிப்பார்கள், சிலர் இரட்டைப் பக்க டேப் போடுவார்கள். போஸ்டர் ஒட்டும் சூடான பிரஸ்ஸிலேயே துணியையும் வைத்து எடுப்பவர்கள் உண்டு. வாங்கிப் போகும் அன்று எல்லாம் கச்சிதமாகத்தான் இருக்கும். ஐடா துணி என்பதே ஓட்டைகளால் ஆனது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த ஓட்டைகளின் வழியே பசை மேலே எட்டிப் பார்க்கும், தூசியைப் பிடித்துவைக்கும், வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். சில பசைகள் பிசுபிசுத்துப் போகும், சில காய்ந்து கெட்டியாகி நூலோடு ஒன்றிவிடும். பிறகு பிரேம் மாற்ற யாராவது துணியை இழுத்தால், பின்பக்கத்து நூல் முனைகள் அட்டையிலேயே தங்கிவிடும். சூடான பிரஸ் இன்னொரு கெடுதலும் செய்யும்: தையலை நசுக்கித் தட்டையாக்கிவிடும். மேடு பள்ளம் போய்விட்டால் அச்சடித்த படத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஒட்டாமல் செய்யும் முறை பழையது, எளியது, நேரம் பிடிப்பது. அமிலமில்லாத அட்டையைப் பிரேமின் உள் அளவைவிடச் சற்றுச் சிறிதாக, சுமார் 3 மி.மீ. விட்டு வெட்டிக்கொள்வேன். துணியை அதன் மேல் வைத்து நான்கு பக்கங்களின் நடுவிலும் அட்டையின் கனத்துக்குள் துருப்பிடிக்காத குண்டூசி குத்துவேன். அங்கிருந்து மூலைகளை நோக்கி, துணியின் ஒரே இழை அட்டையின் விளிம்பிலேயே ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். 14 கவுண்டில் ஒரு கட்டம் நழுவினால் ஏறக்குறைய 2 மி.மீ. கோணல். பூங்கொத்து என்றால் யாருக்கும் தெரியாது. சுற்றிலும் நேர்க்கோட்டு பார்டர் தைத்த வேலையென்றால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். அதனால் ஒரு பக்கம் முடித்ததும் எண்ணுவேன், எதிர்ப்பக்கம் முடித்ததும் மறுபடி எண்ணுவேன். பிடிக்கவில்லையென்றால் ஊசிகளைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து.

குத்தி முடித்ததும் அட்டையைத் திருப்பிப் போட்டு, மடித்த துணி ஓரங்களை உறுதியான நூலால் கயிற்றுக் கட்டில் பின்னுவது போல எதிரெதிராக இழுத்துப் பின்ன வேண்டும். நூலை உருளையிலிருந்து வெட்டாமல் பின்னுவது நல்லது. முழு நீளமும் போன பிறகு ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு இழையாக இறுக்கிக்கொண்டு வரலாம், தேவைப்பட்டால் கூடுதல் நூல் விடலாம். முதலில் நீளவாட்டில், பிறகு அகலவாட்டில். இறுக்கம் முழுக்கச் சமமாக இருக்க வேண்டும். அதிகமாக இழுத்தால் அட்டை வளையும், குறைந்தால் சில மாதங்களில் துணி தொய்யும். நூலால் பின்னாமல், குண்டூசிகளை அப்படியே விட்டும் முடிக்கலாம். சிறிய வேலைகளுக்கு அதுவே போதும். எப்போதாவது எடுக்க வேண்டுமானால் நூலை வெட்டினாலோ குண்டூசிகளைப் பிடுங்கினாலோ போதும், துணி தானாக வந்துவிடும்.

இதற்காகத்தான் சுற்றிலும் குறைந்தது 3 அங்குலத் துணி விடச் சொல்கிறோம். அரை அங்குலம் மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டியெறிந்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குத் தலைசுற்றும். அப்போதும் வழி இருக்கிறது: ஓரங்களில் வேறு பருத்தித் துணியைத் தைத்து நீட்டிக்கொள்ளலாம். வேலையும் கூலியும் கூடும், அவ்வளவுதான்.

ஓரத்தில் நூல் பிரிவதைத் தடுக்க டேப் ஒட்டும் பழக்கம் உண்டு. முடித்ததும் அந்தப் பகுதியை வெட்டிவிட முடிந்தால்தான் அது சரி. அடுத்த முறை ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

துவைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மாதக்கணக்கில் கைபட்ட துணியில் எண்ணெய்ப் பசை இருக்கும். தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்க வளையம் மாட்டிய தடம் இன்று இளம் சாம்பல் கோடு, சில வருடங்களில் பழுப்பு வட்டம். பிரேம் போடும் முன் குளிர்ந்த நீரில் மிதமான சோப்பு விட்டு அலசி, நன்றாக நீர் மாற்றி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். பிறகு தடித்த துண்டின் மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துப் பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். வரிசை முக்கியம். கறையோடு இஸ்திரி போட்டால் கறை உள்ளே பதிந்துவிடும். கட்டம் போட நீரில் கரையும் பேனா பயன்படுத்தியிருந்தால், சூடு படும் முன் அது முழுக்கக் கரைந்து போயிருக்க வேண்டும். சூட்டில் மறையும் பேனாக்களை நான் அறவே வெறுக்கிறேன். மறைவது உண்மைதான், ஆனால் கடுங்குளிரில் கோடு திரும்பி எழுந்து வரும், பிரேமுக்குள் இருந்தாலும் சரி.

சிவப்பும் கருநீலமும் அதிகமுள்ள வேலையை நீரில் போடும் முன், நனைத்த வெள்ளைத் துணியால் பின்பக்கத்தில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். அலசும்போதே சாயம் ஓடத் தொடங்கிவிட்டால் பதறி வெளியே எடுத்து உலரவிடுவதுதான் பெரிய தவறு. ஓடிய சாயம் காய்ந்தால் நிலைத்துவிடும். நீர் தெளியும் வரை குளிர்ந்த நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கைச்சாயம் போட்ட நூல், பட்டு நூல் ஆகியவற்றை நனைக்காமல் இருப்பதே நல்லது. மின்னும் உலோக இழைகள் இருந்தால் இஸ்திரியின் சூட்டைக் குறையுங்கள்.

இதையெல்லாம் என் இடத்தில் செய்து தரச் சொன்னால் செய்வேன், எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டுதான். எந்த நூல் எந்த நிறுவனத்துடையது, எது கைச்சாயம் என்பதெல்லாம் தைத்தவருக்குத்தான் தெரியும். அதனால் துவைத்தும் கொண்டுவந்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

பின்பக்கம் முடிச்சும் சிக்கலுமாக இருக்கிறதே என்று சிலர் வெட்கத்தோடு திருப்பிக் காட்டுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான். பெரிய முடிச்சுகள் முன்னால் மேடாகத் தெரியுமா, வெளிர்த் துணியின் பின்னால் கறுப்பு நூல் குறுக்கே ஓடி முன்னால் நிழல் விழுமா. முதலாவதுக்கு துணிக்கும் அட்டைக்கும் நடுவில் மெல்லிய பருத்தித் துணியோ பஞ்சு விரிப்போ கொடுத்தால் முடிச்சுகள் அதில் அமுங்கிக்கொள்ளும். இரண்டாவதுக்கு மருந்து இல்லை. நூலை அவிழ்த்துத் திரும்பத் தைக்க வேண்டும், அல்லது நிழலோடு வாழ வேண்டும். கறுப்பு ஐடாவை வெள்ளை அட்டையில் பொருத்தினால் ஓட்டைகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக மினுங்கும். அதற்கு அடியில் கறுப்புத் துணி கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமலேயே செய்யும் பிரேம் கடை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அட்டை விஷயத்துக்கு வருவோம். சாதாரண மரக்கூழ் அட்டையில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது. அது காலப்போக்கில் சிதைந்து அமிலத்தை வெளிவிடும். பழைய பிரேம்களைப் பிரித்தால், சுற்றிலும் ஜன்னலாக வெட்டி வைத்த மவுண்ட் அட்டையின் விளிம்பை ஒட்டி துணியில் ஒரு பழுப்புக் கோடு ஓடுவதைப் பார்க்கலாம். அமிலம் பட்டு எரிந்த தடம் அது. பருத்தி நாரால் செய்த அட்டையோ, லிக்னின் நீக்கி, அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டையோ கேளுங்கள். பட்டு, கம்பளி நூலில் தைத்திருந்தால் கார்பனேட் சேர்க்காத அட்டைதான் ஏற்றது, ஏனென்றால் அவை புரத நார்கள். கார்பனேட்டின் காரத்தன்மை அவற்றுக்கு ஆகாது. பிரேமின் மரத்திலிருந்தும் அமிலம் வரும். அதனால் துணி மரத்தைத் தொடாதபடி உள்விளிம்பில் தடுப்பு டேப் ஒட்டுகிறோம்.

கண்ணாடி போடலாமா வேண்டாமா என்ற விவாதம் முடியவே முடியாது. தையலின் மேடு பள்ளம் நேராகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடி வேண்டாம் என்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் தூசி, சமையல் புகையின் எண்ணெய், பூச்சி எல்லாம் துணியில்தான் வந்து இறங்கும். நான் கண்ணாடி கட்சி. ஒரே நிபந்தனை, கண்ணாடி தையலைத் தொடக் கூடாது. தொட்டால் நசுங்கும், உட்புறம் வேர்க்கும் ஈரம் துணிக்கே போய்ப் பூஞ்சை பிடிக்கும். மவுண்ட் அட்டையோ 3 முதல் 6 மி.மீ. கனமுள்ள ஸ்பேசரோ இடைவெளி கொடுக்கும். மணி, பொத்தான் வைத்துத் தைத்திருந்தால் இன்னும் ஆழமான பிரேம் தேவை.

கண்ணாடி வகைகளில் ஏமாற வேண்டாம். பளபளப்பைக் குறைக்கச் சொரசொரப்பாக்கிய மலிவான கண்ணாடி, தையலிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாலே படத்தை மங்கலாக்கும். பூச்சு கொடுத்துப் பிரதிபலிப்பைக் குறைத்த கண்ணாடி வேறு, அது விலை கூடியது, தெளிவானது. புற ஊதாக் கதிர்களில் 97 சதவீதத்துக்கு மேல் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் கிடைக்கிறது. பெரிய பிரேமுக்கு அக்ரிலிக் எடை குறைவு, லேசில் உடையாது. ஆனால் எளிதில் கீறும், நிலைமின்னால் பஞ்சுத் துணுக்குகளை இழுக்கும்.

எந்தக் கண்ணாடி போட்டாலும் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் போகும். புற ஊதாவைத் தடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே சாயத்தை வெளுக்கச் செய்யும், வெளுத்தது திரும்பாது. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே மங்கலாக ஒளி விடுகிறார்கள். பழைய தையல் வேலைகளைத் திருப்பிப் பார்த்தால் இதற்குச் சாட்சி கிடைக்கும்: முன்பக்கம் மங்கிய பச்சையும் ரோஜா நிறமும் பின்பக்கத்தில் இன்னும் பளிச்சென்று இருக்கும். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் 1598இல் தைத்த மாதிரித் துணி (பல தையல் வகைகளை ஒரே துணியில் தைத்துக் காட்டும் சாம்ப்ளர்) இருக்கிறது. தேதி தைத்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் மிகப் பழையது அதுதான். லினன் துணியும் பட்டு நூலும் நானூறு வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கின்றன. துணி பலவீனமானது என்று நினைத்துக்கொண்டு நாம் அதைச் சுற்றி வைக்கும் பொருட்கள்தான் பல நேரங்களில் அதற்கு எமன்.

ரெடிமேட் பிரேமில் நீங்களே போடுவதில் தவறில்லை. உள்ளே வரும் பழுப்பு அட்டையை மட்டும் எறிந்துவிட்டு அமிலமில்லாத அட்டையை வாங்கி, மேலே சொன்ன மாதிரி குண்டூசியால் பொருத்தி, கண்ணாடி ஒட்டாமல் ஸ்பேசர் வையுங்கள். கடையில் ஒட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பின்புறக் கீழ் மூலைகளில் இரண்டு சிறிய ஃபெல்ட் பொட்டுகள் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும்.

பழைய, ஏற்கெனவே ஒட்டப்பட்ட வேலை வீட்டில் இருந்தால் உரிக்க முயலாதீர்கள், துவைக்கவும் வேண்டாம். துணிப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். என்னிடம் வந்தாலும் அங்கேதான் அனுப்புவேன்.

பிரேமுக்குக் கொடுக்கும்போது முன்னும் பின்னும் படம் எடுத்து, இருக்கும் கறையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். துணியில் மறந்துபோன ஊசி இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். பின்னும்போது என் விரலில் ஏறும். முடிந்த பிரேமின் பின்னால் நான் ஒட்டும் லேபிளில் எந்த அட்டை, எந்தக் கண்ணாடி, எப்படிப் பொருத்தியது, எந்தத் தேதி என்று இருக்கும். அடுத்து அதைப் பிரிப்பவருக்கு எங்கே வெட்டலாம் என்று தெரிய வேண்டும். தைத்தவர் பெயரையும் கேட்டு எழுதுகிறேன், ஏனென்றால் பலர் தங்கள் கையெழுத்தைக் கடைசி வரிசைக்கு மிக அருகில் ஓரமாகத் தைத்துவிடுகிறார்கள். மவுண்ட் அட்டை அதை மூடிவிடும். மூடுமா என்பதை அட்டை வெட்டும் முன்பே அளந்து கேட்டுக்கொள்ளுங்கள்.