கிரீஸ் எந்த வழியாகப் போகும்?

"பிக்கப் வண்டியின் முன்பக்க பால் ஜாயிண்டுகளுக்குக் கிரீஸ் அடித்தால் பாதி வெளியே வழிகிறது. கிரீஸ் கன்னை நேராக வைக்க இடமும் இல்லை. உள்ளே போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பால் ஜாயிண்ட் என்பது சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைக்கும் மூட்டு; கிண்ணம் போன்ற இருக்கையில் ஒரு குண்டு உட்கார்ந்து சுழலும். இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளை நம் கை எட்டுவது ஒன்று. நிப்பிளைத் தாண்டிய கிரீஸ், உரசும் பரப்பை எட்டுவது இன்னொன்று. ஒழுங்காகக் கிரீஸ் அடித்துவந்த வண்டியிலும் ஜாயிண்ட் தேய்கிறதென்றால் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதல் சிக்கலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தால் மறைந்திருக்கும் நிப்பிள்கள் பல வெளியே தெரியும். மேல் பால் ஜாயிண்டுக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 30 முதல் 45 செ.மீ. நீளமுள்ள ரப்பர் ஹோஸ் மாட்டிய கன்னோடு பக்கவாட்டிலிருந்து போகலாம். அப்படியும் நேராக நிற்காவிட்டால் 90 டிகிரி அடாப்டர் வாங்கலாம். அதைவிட நல்லது, நேரான நிப்பிளையே கழற்றிவிட்டு 45 அல்லது 90 டிகிரி நிப்பிளைப் போட்டுவிடுவது. மரையை மட்டும் கவனியுங்கள். 6 மி.மீ. விட்டமுள்ள எம்6 மரையும், கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 சுற்றுகள் உள்ள மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதை இரண்டாவதன் துளையில் போட்டால் ஆடும். மாற்றிப் போட்டால் மரையை அறுத்துவிடும்.

பக்கவாட்டில் வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் கப்ளர், அதாவது நிப்பிளைப் பற்றிக்கொள்ளும் கன்னின் நுனி. அதன் தாடைகள் நிப்பிளின் தலையைக் கவ்விக்கொள்கின்றன. பம்ப் செய்யும்போது கிரீஸின் அழுத்தமே தாடைகளை மேலும் இறுக்குகிறது. கப்ளர் சாய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் சீல் நிப்பிளோடு பொருந்தாது. வேலை முடிந்தபின் கப்ளர் கழன்று வராததற்கும் இந்த அழுத்தம்தான் காரணம். நேராக இழுக்காமல், பக்கவாட்டில் சாய்த்தால் அழுத்தம் வெளியேறி விட்டுவிடும்.

இனி இரண்டாவது சிக்கல். கிரீஸ் என்பது பெரும்பகுதி எண்ணெய். அதைத் தாங்கிப் பிடிப்பது சோப்பு. லித்தியம் கிரீஸில் மைக்ரான் அளவிலான இழைகளாக இருக்கும். இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, இடையில் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. மெல்லத் தள்ளினால் வலை வளையும், ஆனால் உடையாது. ஆகவே கிரீஸ் ஒரு திடப்பொருளைப் போல இருந்த இடத்திலேயே இருக்கும். தள்ளும் விசை ஓர் எல்லையைத் தாண்டியதும் வலை அறுந்து, இழைகள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்ள, அதே கிரீஸ் திரவமாக ஓடுகிறது. தள்ளுவதை நிறுத்தினால் இழைகள் மறுபடி பின்னிக்கொண்டு இறுகுகின்றன. இந்த எல்லைக்கு ஈல்டு தகைவு என்று பெயர். எண்ணெய் ஒழுகிவிடும் இடத்தில் கிரீஸ் தங்கி நிற்பதே இதனால்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. இரண்டு பரப்புகளுக்கிடையே உள்ள இடைவெளியில் கிரீஸ் நகரத் தொடங்கத் தேவைப்படும் அழுத்தம், இடைவெளியின் நீளத்தை ஈல்டு தகைவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, இடைவெளியின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும். ஈல்டு தகைவு 1000 பாஸ்கல், நீளம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 4 பார் போதும். 0.01 மி.மீ. என்றால் 40 பார் வேண்டும். வண்டியின் எடை குண்டை இருக்கையில் அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்தில் இடைவெளியே இல்லை. எதிர்ப்பக்கத்தில் தாராளமாக இருக்கிறது. கையால் இயக்கும் கன்னே 400 பார் தரக்கூடியது. ஆனாலும் பயனில்லை. 4 பாரில் ஒரு வழி திறந்துவிட்டால் கிரீஸ் முழுவதும் அந்த வழியாகவே ஓடிவிடும்; அழுத்தம் அதற்கு மேல் ஏறுவதற்கு வாய்ப்பே இல்லை. எடை தாங்கித் தேய்கிற பக்கம் வறண்டு கிடக்க, எடையில்லாத பக்கம் நிரம்பி, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் உப்புகிறது. இருக்கையில் பள்ளக்கோடுகள் வெட்டியிருந்தால் ஓரளவு தப்பலாம்.

ஆகவே எடையை எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஸ்பிரிங்கோ, முறுகி ஸ்பிரிங்காக உதவும் டார்ஷன் பாரோ கீழ் ஆர்மில் வேலை செய்யும் வண்டியில், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஸ்டாண்ட் வைத்தபின் வேலையைத் தொடங்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் பின்களுக்கு இதற்கு மாறாகச் சேஸிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட வேண்டும். நிப்பிளைத் துணியால் துடைத்து, ஒரு பம்ப் அடித்து, ஸ்டியரிங்கை இருபுறமும் ஒடித்துவிட்டு அடுத்த பம்ப் அடியுங்கள். பல கன்களில் ஒரு பம்ப் ஏறக்குறைய 1 கிராம். பூட் லேசாக உப்புவது விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெடித்த பூட் வழியாக நீரும் மணலும் உள்ளே போனால், கிரீஸே அடிக்காத ஜாயிண்டைவிட அது முன்னதாகச் செத்துவிடும். குளிரில் ஈல்டு தகைவு கூடும் என்பதால் வண்டி சற்று ஓடி வந்தபின் அடிப்பது நல்லது.

கிரீஸின் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்லும் நம்பிக்கை இன்னும் போகவில்லை. சிவப்பும் நீலமும் வெறும் சாயம். டப்பாவில் பார்க்க வேண்டியது என்.எல்.ஜி.ஐ. 2 என்ற கெட்டித்தன்மையும், சேஸிஸுக்கு உரியது என்பதைக் குறிக்கும் எல்.பி. (LB) என்ற எழுத்துகளும், எண்ணெயைத் தாங்குவது எந்தச் சோப்பு, அல்லது சோப்பல்லாத பாலியூரியாவா என்பதும்தான். பாலியூரியா கிரீஸையும் லித்தியம் கிரீஸையும் கலந்தால் பல நேரங்களில் வலை குலைந்து இளகி ஒழுகிவிடும். உராய்வைப் பற்றிய இந்த அறிவியலுக்கு ட்ரைபாலஜி என்று பெயர் வைத்து, அதனால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று பொறியாளர் பீட்டர் ஜோஸ்டின் குழு 1966இல் கணக்குக் காட்டியது. இவ்வளவு திருப்பித் தரக்கூடிய துறைக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் தாராளமாகவே கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கன் அழுத்தியும் உள்ளே போகாவிட்டால், நிப்பிளின் நுனியில் இருக்கும் சிறு குண்டை மெல்லிய ஊசியால் அழுத்திப் பாருங்கள். துள்ளித் திரும்பாவிட்டால் நிப்பிளை மாற்றிவிடுங்கள். திரும்பினால் நிப்பிளைக் கழற்றிக் கன்னில் மாட்டி வெளியிலேயே பம்ப் செய்யுங்கள். கிரீஸ் தடையின்றி வந்தால் அடைப்பு ஜாயிண்டின் துளையில் இருக்கிறது. காய்ந்து கெட்டியான சோப்பைக் கம்பியால் கிளறி எடுக்க வேண்டும்.

எஞ்சினின் விசையைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயிண்டிலும் அதே இயற்பியல்தான். ஒரு நிப்பிள், உள்ளே ஊசி உருளைகள் கொண்ட நான்கு கப்புகள். நான்கின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், மேலும் மேலும் பம்ப் செய்வது வீண். வந்த மூன்றின் வழியாகவே வந்துகொண்டிருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டை, வராத கப் இருக்கும் பக்கத்துக்கு எதிராக நெம்புகோலால் லேசாகத் தள்ளி, அந்தக் கப்பின் அடியில் இடைவெளி உண்டாக்கிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். அப்போதும் வராவிட்டால் ஊசி உருளைகள் துருப்பிடித்திருக்கலாம்; ஜாயிண்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.