மீன் குழம்பை விட்டுவிட்டு சப்பாத்திக்கு மாறினீர்களா?

ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று டாக்டர் சொன்னபிறகு உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள், பெரும்பாலும் அதற்குள் மீனை நிறுத்தியிருப்பார்கள். "காலையில கஞ்சி, ராத்திரி ரெண்டு சப்பாத்தி, அவ்வளவுதான்" என்பார்கள். வயிறு என்னவோ பழையபடியேதான், சாப்பிட்டதும் உப்பும், முறுக்கும், நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் இரண்டு மூன்று தடவை ஓட வேண்டியிருக்கும்.

மீனிலும் சோற்றிலும் இந்தத் தொல்லைக்கான சரக்கு ஏறக்குறைய கிடையாது. கோதுமை, உள்ளி (வெங்காயம்), பூண்டு, பால், கொண்டைக்கடலை, பயறு இவற்றில்தான் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகள் அதிகம். ஃபாட்மேப் என்பது இவற்றுக்கான பொதுப்பெயர், இவற்றைக் குறைக்கும் உணவுமுறையை வகுத்தது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும், எல்லார் வயிற்றிலும் இது நடக்கும், ஆனால் ஐபிஎஸ் உள்ளவரின் குடல் நரம்புகள் அந்த உப்பலையே வலியாக உணரும்.

ஆக, ராத்திரி சப்பாத்தியும் காலையில் புட்டோடு வரும் கொண்டைக்கடலையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை, புட்டு பாவம். மீன் குழம்பில் அரைக்கிற உள்ளியைக் கொஞ்ச நாள் விடுங்கள். பூண்டு வாசம் இல்லாமல் இறங்காது என்றால் முழுப் பல்லைத் தேங்காயெண்ணெயில் வாட்டி, தண்ணீர் சேர்க்கும் முன் எடுத்துவிடுங்கள். அந்தச் சர்க்கரை எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் இறங்கும்.

இதெல்லாம் நான்கு முதல் ஆறு வாரம்தான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது, எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் எல்லாவற்றையும் விலக்கினால் குடலின் நல்ல பாக்டீரியாக்களும் குறையும், உடம்பும் மெலியும்.

மலச்சிக்கல் உள்ளவர்கள் நார்ச்சத்து என்று கோதுமைத் தவிடு வாங்கித் தின்ன வேண்டாம், உப்பல்தான் கூடும். இசப்கோல் பரவாயில்லை, கொஞ்சமாக ஆரம்பித்து நிறையத் தண்ணீரோடு எடுங்கள்.

ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஆரம்பித்த தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் என்னிடம் வராதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. விடியுமுன் வெறும் வயிற்றில் பால் சேர்க்காத கட்டஞ்சாயா, பத்து மணிக்கு மேல் ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பாடு என்ற பழக்கம் குடலை உலுக்கிவிடும். கிளம்பும்போதே இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, சாயாவை அப்புறம் குடியுங்கள். உளுந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இடியாப்பம் சாப்பிடலாம்.